எட்டுப் பார்சல்

சம்பந்தக் கலப்புக்குப் பெண் போகும் வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. பெரியவர்கள் பலகாரத் தட்டுகளோடு மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் அங்கே சாப்பிடுவார்கள். அடுத்த கிழமை அவர்கள் நம் வீட்டுக்கு வந்து சாப்பிடுவார்கள். அதோடு இரண்டு குடும்பமும் ஒன்று. அதற்கு முதல் ஒரு மிடறு தண்ணீர்கூட அந்த வீட்டில் குடிக்கமாட்டோம். பெண் வீட்டிலேயே இருந்து யன்னலால் பார்ப்பாள். ஆனால் சுவிஸில் நாங்கள் இருக்கும் ஷ்லீரனிலிருந்து மாப்பிள்ளை வீடு இருக்கும் சோலோதுர்னுக்குக் கார் ஓட்ட எங்கள் வீட்டில் மகளை விட்டால் ஆள் இல்லை. என் கணவர் இறந்து நான்கு வருடம். தம்பி லண்டனில் இருக்கிறான். லீவு கிடைக்கவில்லை என்றான். ஆகவே மணப்பெண்ணே சாரதி, நான் பின்சீட்டில் அரியதரப் பலகாரத் தட்டுக்குக் காவல்.

வாழைக்குலை இல்லாமல் போகக் கூடாது என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். சுவிஸில் குலைக்கு எங்கே போவது? சுப்பர்மார்க்கெட் சீப்புகளைத் தடியொன்றில் சுற்றிக் கட்டி, மேலே பச்சை ரிபன் போட்டுக் குலையாக்கினேன். மகள் அதைப் பார்த்து அரை மணித்தியாலம் சிரித்தாள். இருபத்தொன்பது வயது, பிசியோதெரபிஸ்ட், மற்றவர்களின் முள்ளந்தண்டைத் தொட்டே குணம் சொல்லும் பிள்ளை. அவள் விரும்பிய பையன் என்றதும் நான் மறுபேச்சுப் பேசவில்லை. பையன் நல்லவன். இப்போதும் சொல்கிறேன், பையன் நல்லவன்.

பையனின் தகப்பனைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம். முந்தி இயக்கத்தில் இருந்தவர், இங்கே வந்து ஏதோ தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக உயர்ந்தவர், ஜெனீவாவில் ஊர்வலம் என்றால் முன்வரிசையில் நிற்பவர், கோயில் திருவிழாவில் வேட்டி மடிப்புக் கலையாமல் மைக் பிடிப்பவர். வாசலில் கண்டபோது எங்கேயோ பார்த்த முகம் என்று தோன்றியது. இந்த நாட்டுத் தமிழர் முகங்கள் எல்லாமே எங்கேயோ பார்த்தவைதான். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

சாப்பாடு பிரமாதம். சம்பந்தியம்மா நல்ல மனுசி. நாலு மணிக்கே எழும்பி வடைக்கு அரைத்திருக்கிறார். கத்தரிக்காய்க் குழம்பு, பருப்பு, வாழைக்காய்ப் பொரியல், அப்பளம் என்று மேசை நிறைந்திருந்தது. இரண்டாம் முறை சோறு போடும்போது அவர் என்னைக் கேட்டார், பிறந்த ஊரும் கணவரின் ஊர்தானோ என்று. கலியாணமான நாளிலிருந்து நான் கணவரின் ஊரைத்தான் என் ஊர் என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன். பெண்கள் எல்லாரும் அப்படித்தான். அன்று உண்மையைச் சொன்னேன். பிறந்த ஊரின் பெயரைச் சொன்னேன்.

சம்பந்தியின் கை சோற்றில் ஒரு கணம் நின்றது. பிறகு அவர் பருப்பைக் கேட்டார்.

சம்பந்தியம்மாதான் சந்தோசப்பட்டார். "இவரும் அங்க கொஞ்ச நாள் நிண்டவரெல்லோ. அந்த ஊர்ச் சாப்பாட்டை இப்பவும் சொல்லுவார். வீடு வீடாய்ப் போய்ப் பார்சல் எடுக்கிறதாம். சைக்கிள் ஹாண்டிலில உரப்பையாம்."

எனக்கு வாயில் இருந்த வடையை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. மயிர் கொட்டி, கன்னம் ஊதி, கண்ணாடி போட்ட சம்பந்தியின் முகத்துக்குள்ளிருந்து இருபத்திரண்டு வயது முகம் எழும்பி வந்தது. எனக்கு அப்போது இருபது.

என்ன நடந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இழுத்தடிக்க இது என்ன சீரியலா.

எங்கள் ஊரில் அந்த நாட்களில் இரண்டு ஆயுத இயக்கங்களின் முகாம் இருந்தது. பெரிய இயக்கம் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால். சின்ன இயக்கத்துப் பொடியன்கள் ஆறு பேர் எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டில். முகாமில் அடுப்பு எரியாது. ஊர் சமைத்துப் போட்டது. எந்த வீடு எத்தனை பார்சல் என்று முறை இருந்தது. சோறு, பருப்பு, ஒரு கறி, சம்பல். வாழையிலையில் வைத்துப் பேப்பரில் சுற்றி நூலால் கட்ட வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து பெரிய இயக்கத்துக்கு இரண்டு, ஒழுங்கைப் பொடியன்களுக்கு ஆறு. எல்லாம் ஒரே சட்டிச் சோறு. பெரிய இயக்கத்துக்குப் பார்சல் எடுக்க வருபவன் இவன்தான். ஆம், இவன்தான். சம்பந்திக்குரிய மரியாதையை அந்த நாளைச் சொல்லும்போது என்னால் கொடுக்க முடியாது. வருவான், முற்றத்தில் மோர் குடிப்பான், அம்மாவோடு கதைப்பான், ஒருமுறை எங்கள் சைக்கிளுக்குச் செயின் பூட்டித் தந்தான். பின்னேரம் ஒழுங்கைப் பொடியன்களோடு கரப்பந்து விளையாடுவான். அடிக்கிற பந்துக்கு அவர்கள் கை தட்டுவார்கள்.

அன்று அம்மாவுக்குக் காய்ச்சல். நான் தனியாகச் சமைத்தேன். அவன் வழக்கத்தை விட வெள்ளென வந்தான். தண்ணீர் குடித்துவிட்டு, சும்மா கேட்பதுபோல, ஒழுங்கைக்கு இன்றைக்கு எத்தனை பார்சல் போகிறது என்று கேட்டான். வழக்கமாக ஆறு, இன்றைக்கு எட்டு, வேறு ஊரிலிருந்து இரண்டு பேர் புதிதாக வந்திருக்கிறார்கள் என்று சொன்னேன். தனியாகப் பத்துப் பேருக்குச் சமைத்துவிட்டேன் என்ற பெருமை எனக்கு. அந்தப் பெருமையில் கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன்: எல்லாரும் வீட்டில்தான் நிற்கிறார்கள், பன்னிரண்டரைக்குச் சாப்பாடு கொண்டுவரச் சொன்னார்கள் என்று.

பன்னிரண்டு மணிக்கு முதலாவது வெடிச் சத்தம் கேட்டது. இருபது நிமிடம்கூட எடுக்கவில்லை. பிறகு பெரிய இயக்கத்தின் ஒலிபெருக்கி கட்டிய வான் ஒன்று வந்து, சின்ன இயக்கம் தடைசெய்யப்பட்டுவிட்டது என்று அறிவித்துக்கொண்டு போனது. முதலில் கொலை, பிறகு அறிவித்தல். எட்டுப் பேரையும் சந்தியில் போட்டு, பழைய வாகன ரயர் வைத்து எரித்தார்கள். அந்த மணம் எப்படி இருந்தது என்று எழுதமாட்டேன். ஊர்ச் சனம் வேலிக்கு மேலால் பார்த்தது. பார்த்ததோடு நிற்கவில்லை. வெயிலில் களைத்துப்போன பிள்ளைகள் என்று கடைக்காரர் சோடா உடைத்துக் கொடுத்தார். யார் களைத்த பிள்ளைகள்? சுட்டவர்கள். காய்ச்சலில் கிடந்த அம்மா, அவர்களுக்குக் குடிக்க ஏதும் கரை பிள்ளை, இல்லாவிட்டால் எங்களையும் அந்தப் பக்கத்து ஆட்கள் என்று நினைப்பார்கள் என்றார். நான் தேசிக்காய் பிழிந்தேன். சீனியும் போட்டேன்.

அவன் வந்து இரண்டு ரம்ளர் குடித்தான். வாயைத் துடைத்தான். குசினிப் பக்கம் எட்டிப் பார்த்து, "அந்த எட்டுப் பார்சலும் கட்டியாச்சோ தங்கச்சி? தாங்கோ, சாப்பாடு வீணாப் போகக் கூடாது," என்றான்.

கொடுத்தேன். எண்ணி உரப்பைக்குள் போட்டான். அந்தப் பொடியன்களுக்குக் கட்டிய சோற்றை அவர்களைச் சுட்டவர்கள் பள்ளிக்கூடத்து மாமர நிழலில் இருந்து தின்றார்கள். அன்றைக்கு நான் தப்பித்தேன் என்றுதான் எனக்குத் தோன்றியது. இன்னும் கேவலம், அன்று இரவு எனக்கு நல்ல நித்திரை வந்தது.

சோலோதுர்னில் அந்த மேசையில் இதெல்லாம் ஒரே மூச்சில் வந்து போனது. சம்பந்தி பேச்சை மாற்ற நினைத்தார்போல. பையனைப் பார்த்து, ஸ்கொட்லாந்து போன படங்களை டிவியில் போடு என்றார். கோடை லீவில் அப்பா, அம்மா, பிள்ளை மூன்று பேரும் வாடகைக் காரில் சுற்றிய பயணம். கோட்டை, ஏரி, செம்மறியாடு, மழைக்கோட்டுப் போட்ட சம்பந்தியம்மா. பிறகு ஒரு பள்ளத்தாக்கு வந்தது. இரண்டு பக்கமும் மலை, நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு ரோட்டு, ஆள் நடமாட்டமில்லை.

பையனுக்கு அந்த இடம் பிடித்துவிட்டது. எழும்பி டிவிக்குப் பக்கத்தில் நின்று விளக்கினான். இது கிளென்கோ, அன்ரி. முந்நூறு வருடத்துக்கு முதல் இங்கே ஒரு மலைக்குலம் இருந்தது. அரசன் மாறிவிட்டான். புது அரசனுக்கு விசுவாசம் என்று குறித்த நாளுக்குள் எல்லாக் குலத் தலைவர்களும் சத்தியம் செய்ய வேண்டும். இந்தத் தலைவர் கடைசி நேரத்தில் போனார், அதுவும் பிழையான இடத்துக்கு. அங்கிருந்தவர் எனக்கு அதிகாரமில்லை, வேறு ஊருக்குப் போ என்று அனுப்ப, பனிக்குள்ளால் போய்ச் சேர்வதற்குள் நாள் கடந்துவிட்டது. அகதி விண்ணப்பக் கடிதத்தைப் பிழையான கந்தோருக்குக் கொண்டுபோய்த் திரிந்த எங்கள் கதைதான் என்று சம்பந்தியம்மா இடையில் சொன்னார். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

பிறகு அரசாங்கச் சிப்பாய்கள் வந்தார்கள், தங்க இடம் கேட்டார்கள் என்றான் பையன். அந்த மக்கள் வீட்டுக்கு வீடு பிரித்து வைத்துச் சாப்பாடு போட்டார்கள். கிட்டத்தட்ட இரண்டு கிழமை ஒரே நெருப்பில் குளிர் காய்ந்து, ஒன்றாகக் காட்ஸ் விளையாடினார்கள். ஒருநாள் விடியப்புறம் எழும்பிச் சாப்பாடு போட்டவர்களைச் சுட்டார்கள். முப்பதுக்கு மேற்பட்டவர்கள். தப்பி ஓடிய பெண்களும் பிள்ளைகளும் பனியில் விறைத்துச் செத்தார்கள். சிப்பாய்களுக்குத் தலைமை தாங்கிய கப்டனின் மருமகள் முறையான பெண்ணைத்தான் அந்தத் தலைவரின் மகனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். "சம்பந்திமார், அன்ரி," என்று பையன் என்னைப் பார்த்துச் சொன்னான். அவனுக்கு அதில் வேறு எந்த நினைப்பும் இல்லை. வெள்ளை மனம்.

அப்போது சம்பந்தி வாய் திறந்தார். சோபாவில் சாய்ந்து, பல்லுக்குத்தும் குச்சியை வாயில் வைத்துக்கொண்டு, தலையை இரண்டு பக்கமும் ஆட்டினார்.

"சோறு போட்டவனைக் கொல்ல எப்பிடித்தான் மனம் வந்ததோ. மனுசரே அவங்கள்?"

அவர் நடித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு அருவருப்பு வந்திருக்காது. அவர் நடிக்கவில்லை. முகத்தில் உண்மையான கவலை இருந்தது. முந்நூறு வருடத்துக்கு முந்திய வெள்ளைக்காரருக்காகக் கலங்குகிறார். அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு விடுதி வாசலில் இன்றைக்கும் அந்தக் கப்டனின் குலத்தவருக்கு இடமில்லை என்று பலகை தொங்குகிறதாம். பையன் அதன் படத்தையும் காட்டினான். பகிடிக்குத்தான், ஆனாலும் தொங்குகிறது. முந்நூறு வருடமாகியும் அவர்கள் பலகையைக் கழற்றவில்லை. நாங்கள் நாற்பது வருடத்துக்குள் பலகாரத் தட்டோடு போய் நிற்கிறோம்.

கை கழுவும் சாட்டில் குசினிக்குப் போனேன். அவரும் தண்ணீர்ப் போத்தல் எடுக்க வந்தார். கூடத்தில் பிள்ளைகள் சிரிக்கும் சத்தம் கேட்டது. குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் கேட்டேன்: "அண்ணை, அந்த எட்டுப் பேரையும் நினைக்கிறனீங்களோ?"

அவர் திடுக்கிடவில்லை. போத்தலை மூடினார். மேலிடத்து ஓடர், செய்யாவிட்டால் தன்னையும் சேர்த்துச் சுட்டிருப்பார்கள் என்றார். அந்தக் காலம் அப்படி என்றார். இந்த வசனங்களை அவர் பலமுறை தனக்குள் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும், வழுக்கிக்கொண்டு வந்தன. பிறகு கிட்ட வந்து, பரிவோடு, சத்தியமாகப் பரிவோடு சொன்னார்.

"எத்தினை பேர் எண்டு சொன்னது நீதானே தங்கச்சி. நான் இண்டைவரைக்கும் ஒருத்தருக்கும் வாய் திறக்கேல்லை. நீ யோசிக்காதை. பிள்ளையளின்ர காரியம் நல்லபடி நடக்கட்டும்."

எனக்கு உபகாரம் செய்கிறாராம். நாற்பது வருடம் என் மானத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறாராம். அந்த முகத்தில் காறித் துப்பியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? துவாயில் கை துடைத்தேன். கூடத்துக்குப் போய்ப் பாயாசம் குடித்தேன்.

திரும்பி வரும்போது நெடுஞ்சாலையில் ஹேர்கிங்கன் பக்கம் வழக்கமான வாகன நெரிசல். கார் ஊர்ந்தது. மகள் சந்தோசமாக இருந்தாள். அந்த வீட்டுக் கத்தரிக்காய்க் குழம்பு என்னுடையதை விட நல்லது என்று சீண்டினாள். கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். என்னம்மா என்றாள். சொன்னேன். ஒரு சொல் விடாமல் சொன்னேன். பார்சல், எண்ணிக்கை, ரயர், தேசிக்காய், குசினியில் அவர் சொன்னது. அவளிடம் சொன்னால் அவள் இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று எழும்புவாள், பாரம் என் தலையிலிருந்து இறங்கும் என்று ஒரு மூலையில் கணக்குப் போட்டிருந்தேன். வேண்டாம் என்று சொல்லும் வேலையைப் பிள்ளையின் தலையில் கட்டப் பார்த்தேன்.

அவள் ரோட்டோரத் தரிப்பிடத்தில் காரை நிறுத்தினாள். "க்ரூசிக்," என்றாள். அருவருப்பு என்பதற்கு இந்த ஊர்ப் பிள்ளைகள் சொல்லும் சொல். சின்ன வயதில் பாகற்காயைப் பார்த்துச் சொல்வாள். யாரைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

பிறகு அவள் கேட்ட கேள்விகள் கையில் சாட்டை எடுத்தது போலிருந்தன. அந்தப் புதிதாக வந்த இரண்டு பேரின் ஊர் தெரியுமோ என்றாள். ஒருவனின் ஊர் தெரியும், அவனே சொன்னான் என்றேன். அவனுடைய தாய்க்குக் கடிதம் எழுதினீங்களோ என்றாள். இல்லை. இங்கே வந்த பிறகாவது? இல்லை. அப்பாவுக்காவது சொன்னீங்களோ? இல்லை. அப்பாவுக்கும் சொல்லவில்லை என்றதும்தான் அவள் அழுதாள்.

மூக்கைத் துடைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள். பிள்ளைக்கு அந்த நிதானம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. என்னிடமிருந்து நிச்சயமாக இல்லை.

"அம்மா, நான் அவரை விடமாட்டன். அவர் ஒண்டும் செய்யேல்லை. ஆனால் அவருக்கு நான் இதைச் சொல்லவேணும். தகப்பனை மட்டும் சொல்லி உங்களை மறைக்கேலாது. ரெண்டையும் சொல்லுவன். இண்டைக்கே சொல்லட்டோ?"

ஓம் என்று ஒரு சம்மதச் சொல். அவ்வளவுதான் கேட்டாள். தரிப்பிடத்தில் ஒரு சுவிஸ் குடும்பம் பிளாஸ்க்கிலிருந்து கோப்பி ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தது. நான் அவர்களைப் பார்த்தேன். மாப்பிள்ளைப் பையனின் முகம் நினைவுக்கு வந்தது. அன்ரி, அன்ரி என்று கூப்பிட்ட வாய். நாளைக்கு அவன் என்னை எப்படிப் பார்ப்பான்? கோயிலில் ஆர் ஆர் என்ன கதைப்பார்கள்? முதியோர் இல்லத்துக் குசினியில் என்னோடு வேலை செய்யும் தமிழ்ப் பிள்ளைகள்?

"கலியாணம் முடியட்டும் பிள்ளை," என்றேன்.

மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். சம்பந்தியைப் பற்றி நான் சொல்லும்போதுகூட அவளுடைய முகம் அப்படிப் போகவில்லை. காரை எடுத்தாள்.

அவள் பையனுக்கு இன்னும் சொல்லவில்லை. நான் ஓம் என்று சொல்லாமல் சொல்லமாட்டாளாம். அது என் வாயால் வர வேண்டுமாம். காத்திருக்கிறாள். கலியாணத்துக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது, மண்டபமும் பதிவாகிவிட்டது. ஓம் என்று சொல்ல முடியாத வாயோடு இங்கே இத்தனை பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன். பெயரில்லாமல் எழுதுவது எவ்வளவு சுகமாக இருக்கிறது.

சோலோதுர்ன் போய் வந்த அடுத்த ஞாயிறு அவர்கள் வந்தார்கள். முறைப்படி எங்கள் வீட்டில் சாப்பாடு. நான் சனிக்கிழமையே தொடங்கிவிட்டேன். கத்தரிக்காய்க் குழம்பு போனமுறை அவர்களுடையதை விட நன்றாக வர வேண்டும் என்று கூடுதலாகத் தேங்காய்ப்பால் விட்டேன். உண்மையைச் சொன்னால் ருசி பார்த்தபோது எனக்குச் சந்தோசமாகவும் இருந்தது. மகள் மேசையில் வந்து இருந்தாள், எல்லாரோடும் கதைத்தாள், சாப்பாட்டில் கை வைக்கவில்லை. வயிறு சரியில்லை என்றாள். பையன் அவளுக்குச் சுடுதண்ணீர் எடுத்துக் கொடுத்தான். சம்பந்தி விரல் வரைக்கும் வழித்துச் சாப்பிட்டார். அவருடைய தட்டில் சோறு குறைந்துவிட்டதை முதலில் கண்டவள் நான்.

"இன்னும் கொஞ்சம் போடட்டோ, அண்ணை?" என்று கேட்டேன்.